தோணித் தலை

தன் தலையைப் பக்கவாட்டில் பார்க்கும் வாய்ப்பு மனிதர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை. முடிவெட்டும் கடையில் எப்போதாவது, யாரோ எடுத்த புகைப்படத்தில் எப்போதாவது, அவ்வளவுதான். தோணி அதைத் தினமும் பார்த்தான். அவன் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் மூன்று சுவர்களிலும் ஆளுயரக் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும். மேசையில் குனிந்து ஒரு கண்ணாடியை அளந்தால் அவனோடு சேர்ந்து பத்துப் பேர் குனிவார்கள். பத்துப் பேருக்கும் ஒரே தொப்பி. நெற்றி முன்னால் துருத்தி, பின்மண்டை வெகுதூரம் போய் முடியும் நீளத் தலையை அந்தத் தொப்பி பாதிதான் மறைத்தது.

பெயரை வைத்தது பள்ளிக்கூடம். மாடிப்படியில் நின்று கீழே பார்த்த ஒருவன், "டேய், தோணி போகுதுடா!" என்று கத்தினான். மேலிருந்து பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒடுங்கி, முன்னும் பின்னும் நீண்டு. அன்றிலிருந்து ஆசிரியர்கள்கூட வருகைப் பதிவின்போது மட்டும்தான் சொந்தப் பெயரைச் சொன்னார்கள். அவனும் சண்டை போட்டுப் பார்த்தான், அழுது பார்த்தான், கடைசியில் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அக்காதான் வளர்த்தாள். "பிறந்தப்பவே அப்படித்தான் இருந்தே. அதுக்கென்ன இப்போ? உள்ள மூளை இருக்குல்ல, அது போதும்" என்பாள். காலையில் எழும்போது தலை வலிக்கிறது என்று அவன் சொன்னால், நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். சில நாள் வாந்தி எடுத்தால் வலி அடங்கும். மற்றவர்களுக்கும் விடியல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தே அவன் வளர்ந்தான். பெரியவனான பிறகு, கடை திறந்ததும் யாரும் பார்க்காதபோது குளிர்ந்த கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பான். கண்ணாடியில் ஒரு வட்டப் படலம் விழும். துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவான்.

வேலையில் கெட்டிக்காரன். வைரமுனையால் ஒரே இழுப்பில் கோடு போட்டு, அடியில் மெல்லத் தட்டினால் கண்ணாடி சொன்னபடி கேட்கும். "தோணி கை வச்சா ஓரம் தேய்க்கவே வேண்டாம்" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பார்.

அவன் கட்டிக்கொண்டவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிப்பவள். பெண் வீட்டுக்குக் கொடுத்த அவன் படம் நேர்முகமாக எடுத்தது. கல்யாணம் முடிந்து தொப்பியைக் கழற்றியபோதுதான் அவள் முழுத் தலையையும் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழைக்குக் குடையே வேண்டாம்போல. தண்ணி ரெண்டு பக்கமும் தானா வழிஞ்சிடும்" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தலையைக் கேலி செய்ய அவன் அனுமதித்த ஒரே ஆள் அவள்தான்.

மூத்தது பெண். பிறந்த அன்று அவன் குழந்தையின் முகத்தைப் பார்க்குமுன் உள்ளங்கையால் தலையைத் தடவினான். உருண்டை. வெளியே வந்து ஒரு டீ வாங்கிக் குடித்தான். பாதி சட்டையில் கொட்டியது.

சில வருடம் கழித்துப் பையன் பிறந்தான். தலை நீளமாக இருந்தது. "பிரசவத்துல நசுங்கி வர்றதுதான், சில வாரத்துல சரியாயிடும்" என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நிறையக் குழந்தைகளுக்கு அப்படித்தான் சரியாகிறது. இவனுக்கு ஆகவில்லை.

முதலில் கவனித்தது குழந்தையின் தாய். அக்கம்பக்கத்தார் கொடுத்த குல்லாய்கள் எதுவுமே பொருந்தவில்லை. முன்னும் பின்னும் இறுக்கிப் பிடிக்கும். காதோரம் மட்டும் தொளதொளவென்று நிற்கும். குளிப்பாட்டும்போது உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். மூத்தவளுக்கு அந்த இடத்தில் மெத்தென்று ஒரு குழி இருந்ததும், அது மெல்லத் துடித்ததும் அவள் விரலுக்கு நினைவிருந்தது. இவனுக்கு அது அகப்படவே இல்லை. அதற்குப் பதிலாக நெற்றியிலிருந்து பின்னால் வரை, நடுமண்டையில் ஒரு மேடு ஓடியது. துணிக்கு அடியில் கயிறு வைத்துத் தைத்ததுபோல இருந்தது.

அன்று மாலை தோணி வேலையிலிருந்து வந்ததும் சொன்னாள். குழந்தையைப் பார்க்க அக்காவும் வந்திருந்தாள்.

"இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க. எலும்பு புடைச்சுக்கிட்டிருக்கு. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

அக்கா முந்திக்கொண்டாள். "அப்பனை உரிச்சு வச்சிருக்கான், இதுக்கு டாக்டரா? இவனை நான் தூக்கி வளர்க்கலையா? இதே தலைதான், இதே மேடுதான். இன்னைக்கு ஆளாகிக் குடும்பம் நடத்தலையா?"

"அண்ணி, நான் தப்பாச் சொல்லலை. எதுக்கும் ஒரு தடவை..."

"என் தலைக்கு என்ன குறைச்சல்?" என்றான் தோணி.

அதுவரை அவன் அவளிடம் குரல் உயர்த்தியது கிடையாது. அவள் குழந்தையைத் தோளில் போட்டு உள்ளே போனாள். அவன் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட்டான்.

ஆனால் அன்று காலையிலும் அவன் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தான். அது மட்டுமல்ல, சில காலமாகவே வலது பக்கத்திலிருந்து வரும் ஆட்கள் திடீரென்று முளைப்பதுபோலத் தெரிந்தார்கள். கண்ணாடியில் போட்ட கோட்டின் முனை மங்கியது. விளக்கு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லி விளக்கை மாற்றவைத்தான். புது விளக்கிலும் கோடு மங்கலாகவே இருந்தது. இதை அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்சம்மா ஊசி எடுப்பதற்குமுன் குல்லாயைக் கழற்றச் சொன்னார். குழந்தையை மடியில் உட்காரவைத்து, எழுந்து நின்று நேர் மேலிருந்து பார்த்தார். பிறகு இரண்டு காதுகளையும் பார்த்தார். நாடாவால் தலையைச் சுற்றி அளந்தார். விரலை நடுமண்டையில் ஓட்டினார்.

"ஒரே பக்கமாப் படுக்க வைக்கிறதால வந்திருக்குமோ?" என்று அவள் கேட்டாள். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற ஆசை அவள் குரலில் தெரிந்தது.

"படுக்கையால வந்ததுன்னா ஒரு பக்கம் சப்பையா இருக்கும்மா. அந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் முன்னால நகர்ந்திருக்கும். திருப்பித் திருப்பிப் படுக்க வச்சா, குப்புறப் போட்டு விளையாட விட்டா, தானா சரியாப் போயிடும். இது வேற மாதிரி இருக்கு. மண்டை எலும்பு ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடத்துல இடைவெளி இருக்கணும், மூளை வளர வளர விரிஞ்சு கொடுக்க. இவனுக்கு அது முன்னாடியே மூடிக்கிச்சோன்னு சந்தேகம். நான் முடிவாச் சொல்லக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரில இதுக்குன்னு டாக்டர் இருக்காங்க, சீக்கிரம் காட்டுங்க. சின்னதுல பார்த்தா சுலபம்."

அவள் வந்து சொன்னதும், எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, தோணி மறுக்கவில்லை. "நானே போய் விசாரிச்சிட்டு வர்றேன்" என்றான். விடுமுறை நாளில் குளித்து, நல்ல சட்டை போட்டுப் புறப்பட்டான்.

போகத்தான் செய்தான். வழி கேட்டு, மாடி ஏறி, அந்தப் பிரிவின் வராந்தாவுக்கும் போய்ச் சேர்ந்தான். வரிசையில் நிற்குமுன் பக்கத்து அறையின் கதவு திறந்தது. உள்ளே ஒரு கட்டிலில், அறுவை முடிந்து இரண்டொரு நாளான குழந்தை. ஒரு காதிலிருந்து மறு காதுவரை தலையைச் சுற்றிக் கட்டு. முகம் ஊதி, இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. இமை எது கன்னம் எது என்று பிரிக்க முடியவில்லை. அந்தக் குழந்தை பார்வையில்லாமல் கையை நீட்டிப் பால் புட்டியைத் தேடியது. அதன் தாய், "இங்கதான்டா கண்ணு, இங்கதான்" என்று கையைப் பிடித்து வழிகாட்டினாள். வீக்கம் வடிந்துவிடும், கண் திறந்துவிடும் என்று அவனுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அவன் படியிறங்கிவிட்டான்.

வீட்டில், "அடுத்த மாசம் கூப்பிடுவாங்களாம்" என்றான். அடுத்த மாதம், "கூட்டம் ஜாஸ்தியாம், இன்னும் நம்ம முறை வரலை" என்றான். அவள் நம்பினாள். கோபம் வந்தாலும் பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்றுதான் அவனைப் பற்றி அவள் நினைத்திருந்தாள். குழந்தை கவிழ்ந்தான், உட்கார்ந்தான். நெற்றி இன்னும் முன்னால் வந்தது. பிறகு காலையில் எழுந்ததும் காரணமில்லாமல் வீறிட்டு அழத் தொடங்கினான். சில காலைகளில் குடித்த பாலெல்லாம் வெளியே வந்தது. பல் முளைக்கிறது என்றாள் அக்கா. காலை வலியும் அதைத் தொடரும் வாந்தியும் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவனுக்குத் தெரியும். அவன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டு, ஜன்னல் கண்ணாடியருகே கொண்டுபோய், அந்தச் சின்ன நெற்றியைக் குளிரில் வைத்துப் பிடித்தான். அழுகை கொஞ்சம் அடங்கியது. 

அந்த வாரம்தான் கடையில் அது நடந்தது. இன்னொருவனோடு ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, வலது பக்கத்து நிலை அவன் கண்ணில் படவேயில்லை. இடித்த வேகத்தில் கண்ணாடி சிதறி, முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்தது.

முதலாளி ஓடிவந்தார். "அவ்வளவு பெரிய நிலை கண்ணுக்குத் தெரியலையா? காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்தியா?"

வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவன். ஆனாலும், "மன்னிச்சிடுங்க முதலாளி, இனிமே நடக்காது" என்றான். குடிகாரன் என்று அவர் நினைப்பது பரவாயில்லை என்று பட்டது.

கையில் கட்டோடு அவன் வீட்டில் உட்கார்ந்திருந்த அன்று, அவள் அடுத்த தடுப்பூசிக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கன்னு நர்சம்மா கேட்டாங்க. இன்னும் கூப்பிடலைன்னு சொன்னேன். அங்க யாரும் கூப்பிட மாட்டாங்களாம். நேராப் போனா அன்னைக்கே பார்ப்பாங்களாம்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "நீங்க போனீங்களா, இல்லையா?"

"போனேன்."

"போய்?"

"திரும்பி வந்துட்டேன்."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த குழந்தையைப் பற்றி அவன் சொன்னான். சொல்லத் தொடங்கியதும் எல்லாம் வந்துவிட்டது: காலை வலி, வாந்தி, வலது பக்கம் கறுத்துப்போவது, அன்று வாசல் நிலை தெரியாமல் போனது. "எனக்கு ஒண்ணுமில்லைன்னா அவனுக்கும் ஒண்ணுமில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றான். அதைச் சொன்னபோதுதான் அதில் இருந்த ஓட்டை அவனுக்கே புரிந்தது.

மறுநாளே போனார்கள். அக்கா மூத்தவளைப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அவசரப்படவில்லை. குழந்தையின் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து விளையாடவிட்டு, மேலிருந்தும் முன்னிருந்தும் இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்த்தார். இரண்டு கட்டைவிரல்களாலும் எலும்பு சேரும் இடங்களை ஒவ்வொன்றாக அழுத்தி, விளிம்புகள் அசைகின்றனவா என்று பார்த்தார். இடுக்கிபோல இருந்த ஒரு கருவியால் அகலத்தையும் நீளத்தையும் எடுத்தார். எப்போது உட்கார்ந்தான், எப்போதிலிருந்து அழுகை, காலையிலா மாலையிலா, எல்லாம் கேட்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது தலை இப்படி இருக்கா?"

 அவள், கணவனைப் பார்க்காமலே, "தொப்பியைக் கழட்டுங்க" என்றாள்.

டாக்டர் எழுந்து அவன் பக்கத்தில் வந்தார். "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டு யாரும் அந்தத் தலையைத் தொட்டதில்லை. அவர் விரல்கள் நடுமேட்டில் ஊர்ந்து, பின்னால் இறங்கி, இரண்டு பக்கமும் பிரிந்தன. ஒரு சின்ன விளக்கை எடுத்து அவன் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். அதே விளக்கால் குழந்தையின் கண்ணையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியது.

ஸ்கேன் முடிந்து மறுபடி கூப்பிட்டபோது நேராகச் சொன்னார். மண்டையின் நடு இணைப்பு குழந்தைக்கு முழுதாக மூடிவிட்டது. பின்பக்க இணைப்பும் மூடிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் இடமில்லாததால் மூளை முன்னும் பின்னும் தள்ளி வளர்கிறது. இப்போது அங்கும் இடம் போதவில்லை. "உள்ளே அழுத்தம் கூடியிருக்கு. கண் நரம்பு வீங்கியிருக்கு. தள்ளிப்போட முடியாது."

"இவருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"இவருக்கும் அதேதான், கவனிக்காமலே விட்டது. நரம்பு வீங்கி வீங்கி வெளுத்துப் போயிருக்கு. இருக்கிற பார்வையைக் காப்பாத்த என்ன முடியுமோ பார்ப்போம். போனது வராது."

தன் பார்வையைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. "நாலு மாசம் முன்னாடி கொண்டுவந்திருந்தா, டாக்டர்?" என்றான்.

டாக்டர் ஸ்கேன் படத்தை மேசையில் வைத்தார். "முன்னாடின்னா நல்லது. எவ்வளவு நல்லதுன்னு என்னால அளந்து சொல்ல முடியாது" என்றார்.

அறுவை பகல் முழுக்க நடந்தது. நடுவில் ஒருவர் வந்து ரத்தம் அதிகம் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பெஞ்சின் ஒரு முனையிலும் அவன் மறு முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வந்தாள். இருவரையும் பார்த்துவிட்டு, நடுவில் உட்காராமல், எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். "எனக்குத் தெரியாதுடா தம்பி. நீ நல்லாத்தானே இருக்கேன்னு நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தும் தெம்பு யாருக்கும் இல்லை.

குழந்தை பிழைத்தான். வராந்தாவில் அவன் கண்ட அதே கோலம்தான்: காதிலிருந்து காதுவரை கட்டு, மூடிய கண்கள். பால் புட்டியைத் தேடி கை காற்றில் அலைந்தது. தோணி அந்தக் கையைப் பிடித்து வழிகாட்டினான். சில நாளில் வீக்கம் வடிந்தது. கண்கள் திறந்தன. இடது கண் அம்மாவைத் தொடர்ந்தது. வலது கண் தொடரவில்லை.

அதன் பிறகு அவள் அவனோடு தேவையானதை மட்டுமே பேசினாள். மருந்து வேளை, பள்ளிக்கூடம், சாப்பாடு. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கண்ணாடி அறுக்கும் வேலை போயிற்று. முதலாளியிடம் உண்மையைச் சொன்னபோது அவர் வெகுநேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "குடிச்சியான்னு கேட்டுட்டேனேப்பா" என்றார். கண்ணாடிச் சட்டங்களின் மூலைகளுக்கு அட்டை மடித்துக் கட்டும் வேலையைப் பின்னறையில் கொடுத்தார். விரல்நுனி போதும் அதற்கு.

பையன் வளர்ந்தான். தலை கிட்டத்தட்ட உருண்டையாகிவிட்டது; முடிக்கடியில் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு வளைந்து வளைந்து போகும் தழும்பு. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே ஓடுவான், விழுவான், எழுவான். பேச்சு சரளம். மூத்தவளைச் சீண்டி அழவைப்பதில் சூரன்.

ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில், தோணிக்கு முன் இருக்கையில் ஒரு பெண், தோளில் கைக்குழந்தையோடு உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையின் தலை தெளிவாகத் தெரிந்தது. நீளம், ஒடுக்கம், முன்துருத்திய நெற்றி. கையருகில் இருந்தது, தொட்டால் மேடு விரலில் படும். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. குழந்தையோட தலையை ஒரு டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அவள் திரும்பி, முதலில் அவன் முகத்தையும் பிறகு தொப்பியையும் பார்த்தாள். "எதுக்கு?"

"கொஞ்சம் நீளமா இருக்கு. எலும்பு சீக்கிரம் மூடிக்கிட்டா அப்படி ஆகும். சில சமயம் ஒண்ணும் இருக்காது. ஆனா காட்டிடுறது..."

"என் பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. வாயைக் கழுவுங்க முதல்ல." குழந்தையின் தலையைத் துண்டால் மூடினாள்.

"எனக்கும் இதேதான்மா. என் பையனுக்கும்..." என்று அவன் தொப்பியைக் கழற்றினான். அதுதான் அவளை நிஜமாகப் பயமுறுத்தியது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். பின்னாலிருந்து ஒருவர், "பொம்பளைங்ககிட்ட என்னய்யா வம்பு?" என்று அதட்டினார். அவன் இறங்கப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மனைவி என்ன என்று கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். கேட்டுக்கொண்டே அவள் அடுப்பை அணைத்தாள்.

"எந்த பஸ்?"

சொன்னான்.

"எந்த ஸ்டாப்ல இறங்கினா?"

அதையும் சொன்னான்.

"நீங்க சொன்னா பயந்துதான் போவா. பொம்பளை நான் சொன்னா நின்னு கேட்பா" என்றாள். பல வருடங்களில் தேவைக்கு மேல் அவள் அவனிடம் பேசியது அதுதான்.

மறுநாள் சலவைக்கூடத்தில் முன்னதாகவே சொல்லிவிட்டுக் கிளம்பி, பையனையும் கூட்டிக்கொண்டு, அந்த நிறுத்தத்துக்குப் போனாள். தழும்பு தெரியட்டும் என்று அவன் முடியை நீரால் படிய வாரியிருந்தாள். தோணி கொஞ்சம் தள்ளி ஒரு கடையோரமாக நின்றான். பஸ்கள் வந்தன, போயின. துண்டு மூடிய குழந்தையோடு யார் இறங்கினாலும் அவள் இரண்டடி முன்னே போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பையன் கால் வலிக்கிறதென்று சிணுங்கியதும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கப் போனார்கள். அதற்கடுத்த வாரமும் சில நாள் போனார்கள். அந்தப் பெண் வரவேயில்லை. வேறு எங்காவது குடியிருப்பவளாக இருக்கும். பயந்துபோய் வேண்டாத இடத்தில் இறங்கியிருக்கலாம். அந்தக் குழந்தையை யாராவது, எங்காவது மேலிருந்து பார்த்தார்களா என்பது இவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.